பழைய லென்ஸுக்கு எந்தப் பாடி: நிக்கான், கேனன், பென்டாக்ஸ்

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்களை ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமராவில் பயன்படுத்த விரும்புகிறவர் முதலில் கேட்பது, அது பொருந்துமா என்பதைத்தான். பொருந்துவதில் பெரிய சிக்கல் இல்லை. பொருந்திய பின் ஒளிமானி இயங்குமா, ஃபோகஸ் சரியாக விழுந்ததைக் கண் நம்பலாமா என்னும் இரண்டுமே பாடிக்குப் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) வேறுபடுகின்றன.

நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுன்ட்டை (லென்ஸ் பாடியில் பொருந்தும் வளைய அமைப்பை) ஆட்டோஃபோகஸ் காலத்திலும் கைவிடவில்லை. அதை மட்டும் நம்பி எஃப்80 வாங்குகிறவர் ஏமாந்துபோவார்: 1977 முதல் வந்த, துளையின் (ஒளி நுழையும் திறப்பின்) அளவைப் பாடிக்குத் தெரிவிக்கும் ஏ.ஐ. லென்ஸ் அதில் தடையின்றி ஏறும், படமும் எடுக்கலாம், ஆனால் ஒளிமானி உயிர்பெறாது. 1999-இல் வந்த எஃப்100-இல், சட்டகத்தின் நடுப்பகுதிக்கு முதன்மை தரும் மையச்சார்பு அளவீடும் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் புள்ளி அளவீடும் இயங்குகின்றன; துளை எண் மட்டும் வியூஃபைண்டரில் தெரியாது என்பதால் லென்ஸின் வளையத்தைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். 1988-ஆம் ஆண்டின் எஃப்4 இவ்விரண்டையும் விஞ்சுகிறது. ஏ.ஐ. லென்ஸுக்கு, சட்டகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் மேட்ரிக்ஸ் அளவீடு கிடைக்கிறது. வளையத்தில் பொறித்த துளை எண்ணை ஒரு சிறு ஒளிவழி வியூஃபைண்டருக்குள் கொண்டுவந்து காட்டுகிறது. மவுன்ட்டின் ஓரத்திலுள்ள சிறு நெம்பை மடக்கிவிட்டால், 1977-க்கு முந்தைய, ஏ.ஐ. முறைக்கு மாற்றியமைக்கப்படாத லென்ஸையும் துளையைச் சுருக்கி அளந்து பயன்படுத்தலாம். அதே பழைய லென்ஸை எஃப்100-இல் திருகினால் மவுன்ட் சேதமடையக்கூடும். எஃப்4-இன் எடை ஒரு கிலோவைத் தாண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாள் முழுவதும் கழுத்தில் தொங்கவிட்டவருக்கு அது புரியும்.

கேனன் 1987-இல் பழைய எஃப்.டி. மவுன்ட்டை விட்டுவிட்டு ஈ.எஃப். மவுன்ட்டுக்கு மாறியது. மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் எஃப்.டி.க்கு 42 மி.மீ., ஈ.எஃப்.புக்கு 44 மி.மீ. ஆகையால், கேனனின் சொந்தப் பழைய லென்ஸ்களே இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் இன்றி முடிவிலிக்கு ஃபோகஸ் ஆவதில்லை. விந்தை என்னவென்றால், அந்நியருக்கு அதே வாசல் திறந்திருக்கிறது: அந்தத் தூரம் இன்னும் அதிகமுள்ள 46.5 மி.மீ. நிக்கான், 46 மி.மீ. ஒலிம்பஸ் ஓ.எம்., 45.46 மி.மீ. எம்42 (திருகு மவுன்ட்) லென்ஸ்கள் எல்லாம் மெல்லிய உலோக வளையம் ஒன்றின் துணையோடு அமர்ந்துகொள்கின்றன. விலை வேறு வகையில் கொடுக்க வேண்டும். துளையைத் தானாக மூடித் திறக்கும் இணைப்பு இல்லாததால், திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு சுருக்கி அளந்து, அதன் பின்பே ஷட்டரை அழுத்த வேண்டும். நிலப்பரப்புக்கு இது பொறுமைப் பயிற்சி; ஓடும் குழந்தைக்கு இது உதவாது.

பென்டாக்ஸ்காரருக்கு இவ்வளவு தொல்லை இல்லை. 1975-இன் கே மவுன்ட் லென்ஸ்கள் எம்.இசட்-5 போன்ற பாடிகளில் முழுத்துளையிலேயே அளக்கப்படுகின்றன. எம்.இசட்-30 போன்ற மலிவான சிலவற்றில் மட்டும் துளை அளவை லென்ஸிலிருந்து அறியும் நெம்பு நீக்கப்பட்டிருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஒளிமானியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வியூஃபைண்டரில் பிம்பம் விழும் ஃபோகஸ் திரை. ஆட்டோஃபோகஸ் பாடிகளின் திரை, மங்கலான ஜூம் லென்ஸிலும் வெளிச்சமாகத் தெரியும்படி வடிக்கப்பட்டது. அதனால் லென்ஸ் எஃப்/1.4-இல் திறந்திருந்தாலும் ஏறக்குறைய எஃப்/2.8-இன் கூர்மை ஆழத்தையே (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரத்தையே) அது காட்டுகிறது. 85 மி.மீ. லென்ஸால் இரண்டு மீட்டரில் ஒரு முகத்தை எஃப்/1.4-இல் எடுத்தால் கூர்மை ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர். திரையோ அதன் இரு மடங்கைக் காட்டி ஆறுதல் சொல்லும். கூர்மை விழுந்தது கண் இமையிலா, காது மடலிலா என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகே தெரியவரும். எஃப்100-க்கு நிக்கான் தந்த திரைகளில் பிளவுபட்ட பிம்பத் திரை (ஃபோகஸ் சரியானதும் இரு பாதிகளும் ஒன்றுசேரும் திரை) இல்லை. ஆறுதலாக, ஃபோகஸ் வளையத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அதன் வியூஃபைண்டரிலுள்ள அம்புக்குறிகள் சொல்லுகின்றன. கேனனில் ஈ.ஓ.எஸ்.-3, 1வி இரண்டும் பிளவுத் திரையை ஏற்கும், ஆனால் துளையைச் சுருக்கியதும் அந்தப் பிளவின் ஒரு பாதி இருண்டுவிடும். எஃப்4-இல் பிளவுத் திரையும் உண்டு, அம்புகளும் உண்டு, ஷட்டரை அழுத்தும் கணம் வரை துளை திறந்தும் இருக்கும். முகங்களை எடுக்க நான் அதைத்தான் எடுத்துக்கொள்வேன், எடை உட்பட.