டைரோஸ்-1, நிம்பஸ்-1: மாதிரி செய்ய எது தகுந்தது?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தொடக்ககால வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றின் மாதிரி தேவைப்பட்டபோது, 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1, 1964 ஆகஸ்ட் 28 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-1 என்னும் இரண்டு அமெரிக்கக் கோள்களில் நான் டைரோஸைத் தேர்ந்தெடுத்தேன்.

கருவிகளைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. நிம்பஸ் இடைவிடாமல் பூமியை நோக்கியே நின்றது; அகச்சிவப்புக் கருவியால் இரவு மேகங்களையும் பதிவுசெய்தது. டைரோஸில் இருந்தவை இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள். வெளிச்சம் இல்லையென்றால் அவற்றுக்கு வேலையில்லை. படத்தரத்திலும் நிம்பஸே மேல் என்பேன், அச்சில் பார்த்த சில படங்களை மட்டும் வைத்து.

ஆனால் பழுதுபார்க்க ஆள் அனுப்ப முடியாத இடத்தில், அசையும் பாகங்கள் எத்தனை என்பதே முதற்கேள்வி. நிம்பஸின் சூரியத் தகடுகள் சூரியனைத் தொடர்ந்து திரும்ப வேண்டும். அவற்றைத் திருப்பும் பொறி இறுகிப்போனதால், ஒரு மாதம் நிறைவதற்குள் மின்சாரமின்றிக் கோள் செயலிழந்தது. டைரோஸின் சூரிய மின்கலங்களோ, முரசு வடிவ உடலின் மேற்பரப்பிலேயே அசையாமல் பதிக்கப்பட்டிருந்தன. உடல் முழுவதும் பம்பரம்போல் சுழன்று தன் அச்சைக் காத்துக்கொண்டது. அதுவும் மின்கோளாறால்தான் நின்றது, எனினும் 78 நாட்களில் ஏறத்தாழ 23,000 படங்களை எடுத்துவிட்டிருந்தது.

இந்த எளிமைக்கு விலையும் உண்டு. அச்சு விண்வெளியில் ஒரே திசையை நோக்கியிருந்ததால், அடிப்பாகத்தில் இருந்த கேமராக்கள் பூமியைச் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே பூமியைக் கண்டன. போதாக்குறைக்குப் பூமியின் காந்தப்புலம் அச்சை மெல்லத் திருப்பியது. எனக்கு மிகவும் பிடித்தது இதற்குக் கண்ட தீர்வுதான்: அதே ஆண்டு நவம்பரில் சென்ற டைரோஸ்-2இல் ஒரு கம்பிச்சுருளைச் சுற்றி, தொல்லை கொடுத்த அந்தக் காந்தவிசையைக் கொண்டே அச்சைத் திருப்பக் கற்றார்கள். 1965இல் டைரோஸ்-9இன் கேமராக்களைப் பக்கவாட்டுக்கு மாற்றிக் கோளைச் சக்கரம்போல் உருளவிட்டதும், ஒவ்வொரு சுழற்சியிலும் அவை நேர்கீழே பார்த்தன. 1966 முதல் அன்றாடப் பணிக்கு வந்த எஸ்ஸா என்னும் அமெரிக்க வானிலைக் கோள்கள் இந்த அமைப்பையே பின்பற்றின.

வளிமண்டல வெப்பநிலையை உயரவாரியாக அளப்பதுதான் உங்கள் பேசுபொருள் என்றால் நிம்பஸ் வரிசையே பொருந்தும். அப்போதும் முதலாவதை விட்டுவிட்டு, அந்த அளவீட்டை 1969இல் செய்துகாட்டிய நிம்பஸ்-3ஐச் செய்வது நல்லது.