மூடி திறக்கும் பற்றரியா, மூடியே திறக்காத பற்றரியா?

என் பழைய 125 சி.சி. மோட்டார் சைக்கிளுக்குப் புதிய பற்றரி வாங்க வேண்டி வந்தபோது கடையில் இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று, மேலே ஆறு சிறிய மூடிகளும் பக்கத்தில் காற்றுக் குழாயும் உள்ள வழமையான அசிட் பற்றரி. மற்றையது, ஒரு முறை நிரப்பி அடைத்த பிறகு ஆயுள் முழுவதும் திறக்கவே கூடாத, பராமரிப்புத் தேவையற்றது எனப்படும் எம்.எஃப். பற்றரி. நான் முதலாவதை வாங்கினேன். மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் இருந்து பொத்துவில் வரை ஒன்றாக ஓடுகின்ற எங்கள் கூட்டத்தில் இந்தத் தெரிவு பெரிய பகிடியாகிவிட்டது. பகிடியின் ஊடே ஒவ்வொருவரும் பாடசாலையில் படித்த இரசாயனவியலைத் தூசு தட்டி எடுத்தபோது, பலரும் பாதி சரியாகவும் பாதி தலைகீழாகவும் நினைவு வைத்திருப்பது தெரிந்தது. ஆகவே என் தெரிவுக்கான காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். விலையில் அசிட் பற்றரி மலிவு. எம்.எஃப். பற்றரியில் அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருப்பதால் மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்தாலும் வழியாது. அசிட் பற்றரி சரிந்தால் ஒழுகும். அதன் காற்றுக் குழாய் எங்காவது மடிந்தோ கழன்றோ இருந்தால் சங்கிலியும் சட்டத்தின் நிறப்பூச்சும் அரிபடும். சும்மா நிறுத்தி வைத்தால் எம்.எஃப். பற்றரி மெதுவாகவே இறங்கும். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. என் தெரிவைத் தீர்மானித்தது இவை எதுவுமல்ல, உள்ளே இருக்கின்ற நீர்.

எங்கள் விவாதம் தொடங்கியதே, "அசிட் குறைஞ்சா அசிட்தானகா ஊத்தணும், தண்ணிய ஊத்தினா நீர்த்துப் போகாதா?" என்ற கேள்வியில்தான். கேட்பவருக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் இரண்டு வெவ்வேறு குறைவுகள் ஒன்றாகக் குழைக்கப்பட்டுள்ளன. பற்றரி மின்னைக் கொடுக்கும்போது சல்பூரிக்கமிலம் இரு வகைத் தட்டுகளோடும் தாக்கமுற்று ஈய சல்பேற்றாகப் படிகிறது. அதே தாக்கத்தில் நீர் உண்டாகிறது. நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், நன்றாக மின்னேறிய பற்றரியின் கரைசல் 1.28 அளவில் இருக்கும். முற்றாக இறங்கிய நிலையில் 1.12 அளவுக்கு வந்துவிடும். அடர்த்தியை அளக்கும் நீரடர்மானியில் இந்தக் குறைந்த அளவைப் பார்த்தவுடன் அமிலம் தீர்ந்துவிட்டதென்று நினைத்து மேலும் அமிலம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலம் எங்கும் போகவில்லை, தட்டில்தான் இருக்கிறது. மின்னேற்றினால் திரும்பிக் கரைசலுக்கு வந்துவிடும். ஏற்கெனவே ஊற்றிய புதிய அமிலமும் அதோடு சேர்ந்தால் கரைசல் அளவுக்கு மீறிச் செறிவாகி, தட்டின் ஈயச் சட்டத்தையே அரிக்கத் தொடங்கும்.

மட்டம் குறைவது வேறு கதை. பற்றரி நிறைந்த பின்னரும் மின்னோட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தால் அது நீரைப் பிரித்து ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் வெளியேற்றும். அமிலம் அப்படியே தங்கிவிடும். பரடேயின் விதிப்படி கணக்குப் பார்த்தால், தேவைக்கு மேலாகப் போகின்ற ஒவ்வோர் அம்பியர் மணிக்கும், பற்றரியின் ஆறு அறைகளான கலங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.34 கிராம் நீர் பிரிகிறது. ஆறு கலங்களுக்கும் சேர்த்து 2 கிராம். காருக்கு இது ஒன்றுமில்லை. சிறிய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றுக்கு, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியில் முன்விளக்கை அணைத்தபடி பகல் முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுபவரிடம், அது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. போனது நீர் மட்டும் என்பதால் திரும்ப ஊற்ற வேண்டியதும் நீர் மட்டுமே. மோட்டார் சைக்கிள் விழுந்து கரைசலே கொட்டிப்போனால் மட்டும் அதே அடர்த்தியுள்ள அமிலக் கரைசலை ஊற்றலாம்.

இதற்கு அடுத்துத்தான் எங்கள் கூட்டத்தின் மிகச் சிறந்த எதிர்வாதம் வந்தது. "அமிலத்தை நீரில் ஊற்று, நீரை அமிலத்தில் ஊற்றாதே" என்பது ஆய்வுகூடத்தில் ஆசிரியர் எங்கள் எல்லோருக்கும் காதைத் திருகிச் சொல்லித் தந்த விதி. அப்படியானால், மூடியைத் திறந்து பற்றரிக்குள் நீர் ஊற்றுவது அந்த விதியை முறிப்பதாகாதா? ஆகாது. காரணம் செறிவில் இருக்கிறது. ஆய்வுகூடப் போத்தலில் இருப்பது ஏறத்தாழ 98 சதவீதச் செறிந்த அமிலம். அதன் அடர்த்தி 1.84. அதன்மேல் நீரை ஊற்றினால் இலேசான நீர் மேலே மிதந்து, இரண்டும் சந்திக்கின்ற மெல்லிய படையில் மட்டும் மிகுந்த வெப்பம் பிறந்து, அந்த நீர் அங்கேயே கொதித்து, அமிலத் துளிகளோடு முகத்தில் தெறிக்கும். அமிலத்தை நீருக்குள் கொஞ்சங் கொஞ்சமாக விட்டால் அது கீழே இறங்கிப் பரவும், பெருமளவு நீர் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பற்றரிக்குள் இருப்பதோ நிறைப்படி ஏறத்தாழ 37 சதவீதம் அமிலமுள்ள, ஏற்கெனவே ஐதாக்கப்பட்ட கரைசல். கலக்கும்போது பிறக்க வேண்டிய வெப்பத்தின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே வெளியேறிவிட்டது. அதில் சில மில்லிலீற்றர் நீர் சேர்ப்பதால் கொதிப்பு வராது. ஆனால் எங்கிருந்தாவது செறிந்த அமிலம் வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் கலந்து பார்ப்பதற்கு இந்த விளக்கத்தை யாரும் சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பழைய விதி முழுமையாகச் செல்லும்.

எந்த நீரை ஊற்றுவது என்பதில் எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் யோசனைகளுக்குக் குறைவில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கின்ற மணற்பாங்கான நிலத்தின் கிணற்று நீரைப் பற்றரிக்கு ஆகாது என்று ஒதுக்குவதில் எல்லோரும் ஒன்றுபடுகிறோம். அதில் வரும் குளோரைட்டு ஈயத்தை அரிக்கும், இரும்பு இருந்தால் பற்றரி தானாகவே இறங்கும். கொதிக்க வைத்து ஆறவிட்ட நீர் நல்லதென்று ஒருவர் சொன்னார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புச் சாகாது. ஆவியான நீர் போக, மிஞ்சியதில் உப்புக் கூடித்தான் நிற்கும். வாடைக் காற்றோடு வருகின்ற மாரி மழை நீரைப் பிடிக்கலாம் என்றார் இன்னொருவர். கடற்கரையில் அதிலும் உப்புத் துகள்கள் உண்டு, ஓட்டுக் கூரை வழியாக வந்தால் சொல்லவே வேண்டாம். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரே சுத்தம் என்று ஒரு வங்கி ஊழியர் மிக உறுதியாக வாதிட்டார். ஒடுங்கிய நீராவி என்ற அளவில் அவர் சொல்வது சரியே. ஆனால் அது தூசு படிந்த செப்பு, அலுமினியச் சுருள்களைக் கழுவிக்கொண்டு வருகிறது. செப்பும் பற்றரிக்குப் பகை. பற்றரிக்கென்று போத்தலில் விற்கின்ற காய்ச்சி வடித்த நீரின் விலை இந்த விவாதத்துக்குக் குடித்த தேநீரின் விலையைவிட அதிகமில்லை என்பதையும் அவருக்குச் சொன்னேன்.

பராமரிப்பு என்று பயமுறுத்துகிறார்களே, அது உண்மையில் இவ்வளவுதான். பக்க மூடியைக் கழற்றி, வெண்மையான பற்றரிப் பெட்டிக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் ஆறு கலங்களின் நீர்மட்டமும் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே நிழலாகத் தெரியும். நடுக் கலங்கள் இரண்டும் ஓரத்தில் இருப்பவற்றைவிடச் சற்று முன்னதாகவே இறங்குவதை என் பற்றரியில் பார்க்கிறேன். நடுவிலே வெப்பம் தங்குவதால் இருக்கலாம். தட்டுகள் வெளியே தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால் அவை மூழ்குமளவுக்கு மட்டும் உடனே நீர் விட்டு, மிகுதியை மின்னேற்றிய பின்னர் விட வேண்டும். மின்னேறும்போது மட்டம் சற்று உயரும் என்பதால் முன்கூட்டியே கோடுவரை நிரப்பினால் வழிந்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், சிந்தினால் போட அப்பச் சோடா. பக்கத்தில் சிகரெட் மட்டும் கூடாது. காற்றில் 4 சதவீத ஐதரசன் சேர்ந்தாலே தீப்பற்றும். தோலில் அமிலம் பட்டால் சோடாவைத் தேட வேண்டாம், நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும்.

எம்.எஃப். பற்றரியும் இதே ஈயமும் அமிலமும்தான். அதன் சாமர்த்தியம் ஒட்சிசனைத் திருப்பிப் பிடிப்பதில் உள்ளது. நேர்த்தட்டில் பிறக்கும் ஒட்சிசன் கண்ணாடியிழைப் பாயின் இடைவெளிகளூடாக மறைத்தட்டுக்குச் சென்று மீண்டும் நீராகிவிடுகிறது. மின்னேற்றும் வோல்ற்றளவு ஒழுங்காக இருக்கும்வரை இந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வயதான மோட்டார் சைக்கிளில் அந்த வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் 15 வோல்ற்றைத் தாண்டத் தொடங்கினால் திருப்பிப் பிடிக்கும் வேகத்தைவிட வாயு பிறக்கும் வேகம் கூடிவிடும். அழுத்தம் ஏறி வால்வு திறக்கும், நீர் வெளியேறும், அதைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. அதோடு, திருப்பிப் பிடிக்கும் தாக்கமே வெப்பத்தையும் உண்டாக்குகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாகக் கையாளப்படும் கணக்கு. ஆவணி வெயிலில் எந்திரத்தை ஒட்டியபடி நிறுத்தப்பட்டிருக்கின்ற பற்றரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கின் பொருள் விளங்கும்.

அசிட் பற்றரியில் ரெகுலேற்றர் கெட்டால் நீர்மட்டம் வேகமாக இறங்கி எனக்கு அறிவித்துவிடும். ஒரு கலம் மட்டும் நோயுற்றால் நீரடர்மானி அந்தக் கலத்தைக் காட்டிக் கொடுக்கும். அளந்த அடர்த்தியோடு 0.84 ஐக் கூட்டினால் அக்கலத்தின் ஓய்வுநிலை வோல்ற்றளவு ஏறத்தாழக் கிடைக்கும்: 1.28 எனில் 2.12, ஆறு கலங்களுக்கு 12.7. எம்.எஃப். பற்றரியில் வெளி முனைகளில் அளக்கும் ஒரே ஓர் எண்ணை வைத்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரியது என்பது என் முடிவு.

ஒரு சிறு எச்சரிக்கை: இரண்டு வகைகளுக்கும் கடையில் தருகின்ற அமிலப் பொதிகள் ஒன்றல்ல. எம்.எஃப். பற்றரிக்கு வருவது பெரும்பாலும் 1.32 அளவில் கூடுதலாகச் செறிந்தது. ஒன்றில் மிஞ்சியதை மற்றையதில் ஊற்றக் கூடாது.

இவ்வளவும் என் மோட்டார் சைக்கிளுக்கும் அதைப் போன்றவற்றுக்கும் பொருந்தும். எரிபொருள் உட்செலுத்தலோடு வரும் புதிய மோட்டார் சைக்கிள்களில் அசிட் பற்றரியை நான் பாவித்ததில்லை. அவற்றின் ரெகுலேற்றர்கள் நன்றாகக் கட்டுப்படுத்துவதால் மேலே சொன்ன நீரிழப்பு வாதம் அங்கே வலுவிழக்கும். உற்பத்தியாளர் எம்.எஃப். பொருத்தித் தந்திருந்தால் அதையே திரும்பப் போடுவது நல்லது. லிதியம் பற்றரியை எங்கள் கூட்டத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கிறார். அவர் அதன் நிறை குறைவைப் புகழ்ந்தார், நான் ஓட்டிப் பார்க்காததால் தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஸ்கூட்டரில் பற்றரி கால் வைக்கும் தட்டுக்குக் கீழே இருக்கிறது. நான்கு திருகாணிகளைக் கழற்றாமல் அதன் முகத்தையே பார்க்க முடியாது, மனைவிக்கு அந்த வேலையில் விருப்பமும் இல்லை. அதற்கு எம்.எஃப். தான் போட்டிருக்கிறோம்.