காமராஜர் படச் சார்ட்: வாங்குமுன் பின்பக்கத்தையும் படியுங்கள்

ஜூலை பிறந்தாலே பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஸ்டேஷனரி கடைகளில் காமராஜர் படச் சார்ட்டுக்குக் கூட்டம் வந்துவிடும். 15-ஆம் தேதி கல்வி வளர்ச்சி நாள். ப்ராஜெக்ட் நோட்டுக்கும் வகுப்புச் சுவருக்கும் பிள்ளைகள் கேட்பது இதைத்தான். வழவழப்பான தாளின் முன்பக்கத்தில் எண் போட்ட சிறு படங்கள். பின்பக்கத்தில் அதே எண் வரிசையில் குறிப்புகள். விலை குறைவு, அச்சும் தெளிவு. படத்துக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். குறிப்புகளை மட்டும் அப்படியே நம்பி எழுதிவிடக் கூடாது.

முதலில் தாளைப் பற்றி. படத்தை வெட்டினால் அதன் பின்னால் இருக்கும் எழுத்தும் துண்டாகிவிடும். பல வீடுகளில் முதல் நாள் இரவு அழுகை வருவது இதனால்தான். இரண்டு சார்ட் வாங்குங்கள், அல்லது கத்தரி எடுக்கும் முன் பின்பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் தாள் ஊறி அலையலையாக எழும்பும். க்ளூ ஸ்டிக் போதும். வழவழப்புத் தாளில் ஜெல் பேனா மை உடனே காயாமல் கையில் ஈஷிக்கொள்ளும். படத்தின் மேல் எழுதாமல், நோட்டில் படத்துக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் எழுதச் சொல்லுங்கள்.

இனி உள்ளடக்கம். 1903 ஜூலை 15, விருதுநகர், குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள்: இந்தப் பகுதியில் பெரும்பாலும் பிழை இருக்காது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றதும், மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்ததும் வந்துவிடும். சிறை என்று வந்தால் கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஓவியம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அங்கே மூன்று ஊர்ப் பெயர்களாவது வேண்டும். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக அலிப்பூர், 1940-41-இல் வேலூர், 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி, 1945 வரை அமராவதி. வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். படிக்கிற பிள்ளை நிமிர்ந்து உட்காரும் செய்தி இது. பல சார்ட்களில் ஒரு வரிகூட இல்லை.

‘தமிழ்நாடு முதலமைச்சர்’ என்ற தலைப்பும் சரியில்லை. 1954 ஏப்ரல் 13 முதல் 1963 அக்டோபர் 2 வரை அவர் ஆண்டது சென்னை மாநிலம். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் 1969 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. பதவி ஏற்றபோது அவர் சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அவருடைய அரசியல் பக்குவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறு கிடையாது.

கல்விப் பகுதிதான் சார்ட்டின் உயிர்; அவசரமாக எழுதியிருப்பதும் அதைத்தான். ‘இலவச உணவு தந்தார்’ என்று முடித்தால் வேலை நடந்த விதம் தெரியாது. ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. மதிய உணவு 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த நன்கொடையில்தான் அடுப்பு எரிந்தது. அரசின் மானியம் பின்னால் வந்து சேர்ந்தது. இதற்குத் தோள் கொடுத்தவர் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. அவர் பெயர் இல்லாத சார்ட்டில் நீங்களே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, கட்டடம், பெஞ்சு, சீருடை என்று ஊர் மக்களையே கொடுக்க வைத்ததும் அந்த ஆண்டுகளில்தான். சில தாள்களில் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் காமராஜரின் மதிய உணவும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இரண்டும் தனித்தனி.

1963-க்குப் பிறகு சார்ட் ஓட்டமாக ஓடுகிறது. முதல்வர் பதவியைத் தானே விட்டுக் கட்சிப் பணிக்குப் போனது, 1964-இல் சாஸ்திரி, 1966-இல் இந்திரா காந்தி பிரதமரானதில் அவருடைய பங்கு, இவற்றுக்கு ஒரே படம். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் தி.மு.க.வின் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றது அடியோடு இல்லை. தோல்வியை மறைத்தால் 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று திரும்பியதன் அருமை பிள்ளைக்கு எப்படிப் புரியும்? இரண்டையும் சேர்த்து வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டுங்கள்.

பதவி விலகிய நாளும் மறைந்த நாளும் அக்டோபர் 2. அதனால் 1963-உம் 1975-உம் இடம் மாறி அச்சாவதுண்டு. பாரத ரத்னா 1976-இல், மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது வாங்கியதாக எழுதியிருந்தால் அது தப்பு.

கடையில் உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பின்பக்கத்தில் 1954, 1956, 1963, 1976 ஆகிய நான்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒன்று பிசகினாலும் வேறு கம்பெனி சார்ட் கேளுங்கள். கடைசி நாள் போனால் மிஞ்சியதுதான் கிடைக்கும். ஜூலை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.