‘உள்ளே எனக்கு ஆள் இருக்கிறார்’: கார்கிவில் 500 டாலர் போன கதை

உக்ரைனில் படித்துவிட்டு டிரான்ஸ்கிரிப்டுக்கும் ஒரிஜினல் சான்றிதழுக்கும் இன்னும் அலைந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் ஜூனியர் ஒருவன் கூப்பிட்டான். "அண்ணா, கீவில ஒரு வக்கீல் இருக்காராம். அமைச்சகத்துக்குள்ளயே ஆள் இருக்காம். 600 டாலர் கேக்குறாரு, குடுக்கலாமா?" குடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டான். அதற்கான பதில் போனில் சொல்லி முடிகிற நீளம் இல்லை.

2021 செப்டம்பர். நான் கார்கிவில் மருத்துவம் நான்காம் ஆண்டு. பாஸ்போர்ட் தொலைந்து புதிதாக எடுத்திருந்தேன். பழையதில் குடும்பப் பெயர் கட்டம் காலி, என் பெயரும் அப்பா பெயரும் ஒரே வரியில் இருக்கும். புதியதில் அப்பா பெயர் தனியாகக் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விட்டது. நம் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அங்கே போஸ்வித்கா என்கிற குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனால், "இவர் வேறு, அவர் வேறு" என்கிறார்கள். அட்டை காலாவதியாக ஐந்து வாரம்தான் இருந்தது.

எங்களைக் கூட்டிப்போன ஏஜென்டை அங்கே எல்லாரும் கான்ட்ராக்டர் என்றுதான் சொல்வோம். அவர் கைகாட்டிய ஆள்தான் இந்த வக்கீல். மெட்ரோ பக்கத்தில் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். நல்ல கோட், பளபளப்பான ஷூ. உட்கார்ந்ததும் முதலில் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அப்புறம் உள்பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துத் திறந்து, நான் ஒரு வரி படிப்பதற்குள் மூடினார். மேலே தங்க நிறத்தில் திரிசூலம், அந்த நாட்டின் சின்னம். "வப்ரோஸ் ரெஷிம்," என்றார். பிரச்சினையை முடித்துவிடலாம் என்று அர்த்தம். மைக்ரேஷன் அலுவலகத்தில் ஆள், கீவில் ஜனாதிபதி அலுவலகம் இருக்கிற பன்கோவா தெருவிலும் ஆள். 900 டாலர், முன்பணம் 500.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏல, வக்கீல்னா கறுப்புக் கோட்டு போட்டிருந்தாரா?" அங்கே வக்கீல்கள் அப்படியெல்லாம் போட மாட்டார்கள் என்று சிரித்தேன். அன்றைய கணக்கில் 36,000 ரூபாய்க்கு மேல். மறுநாளே அனுப்பினார்.

ரசீது கேட்டேன். "இந்த மாதிரி வேலைக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். தப்பான வழியில் போகிறோம் என்று தெரிந்ததால்தான் ஒன்றையும் சரிபார்க்கவில்லை.

அப்புறம் ஐந்து வாரமும் "ஸாவ்த்ரா". நாளைக்கு. தேதி தாண்டியது, போன் எடுப்பது நின்றது. விடுதியில் ஒரு உக்ரைனியத் தோழியிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அவர் அட்வகாட்டா, யூரிஸ்டா?" எனக்கு வித்தியாசமே தெரியாது. சட்டம் படித்த யாரும் யூரிஸ்ட். தேர்வெழுதி, சான்று வாங்கி, வழக்கறிஞர் பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் அட்வகாட். 2016-இல் அரசியல் சாசனத்தையே திருத்தி, நீதிமன்றத்தில் அடுத்தவருக்காக வாதாடும் உரிமையை, சில விதிவிலக்கு தவிர, அட்வகாட்டுகளுக்கு மட்டும் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பதிவேடு இணையத்தில் இலவசம். அவள் பெயரைத் தட்டினாள், என் டீ ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. அப்படி ஒரு ஆளே இல்லை.

சிவப்புப் புத்தகத்தை நான் திருட்டுத்தனமாக ஒரு படம் எடுத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர், அதுவும் சம்பளமில்லாத கௌரவ உதவியாளர். ஒரு உறுப்பினர் 31 பேர் வரை உதவியாளர்களாக வைத்துக்கொள்ளலாம், அவையில் 450 இருக்கை. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆளுக்கு அங்கே ஒரு பெயரே உண்டாம். ரெஷாலா. முடித்துக்கொடுப்பவர்.

மைக்ரேஷன் அலுவலகத்துக்கு அவளே கூட்டிப்போனாள். கவுன்டரில் இருந்த அம்மா இரண்டு பாஸ்போர்ட் விவரத்தையும் பார்த்துவிட்டு, இரு பெயரும் ஒருவரே என்று இந்தியத் தூதரகத்தின் கடிதம், அதற்கு நோட்டரி மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான் என்றார். தேதி தாண்டியதற்கு அபராதம் தனி. எழுந்திரிக்கும்போது கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்: "யாருக்காவது பணம் கொடுத்தாயா?" தலையாட்டினேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இந்த ரெஷாலாக்களை ஏன் நம்புகிறோம் என்றால், அவர்கள் சொல்வது போன்ற ஒன்று மேலே நடக்கிறது என்று எல்லாரும் நம்புவதால்தான். அந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து வரவில்லை. ஊர் திரும்பிய பிறகு நான் விடாமல் படித்த செய்தி ஆந்திரி ஸ்மிர்னோவ் பற்றியது. என்னை ஏமாற்றிய ஆளுக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இதைக் கலக்காதீர்கள். ஸ்மிர்னோவ் நிஜமான வழக்கறிஞர். 2019 செப்டம்பரில் பன்கோவாவில் ஜனாதிபதி அலுவலகத் துணைத்தலைவர் ஆனார். நீதித்துறை சம்பந்தப்பட்ட விவகாரங்கள் அவர் கையில். போர் வந்ததும், ரஷ்யாவின் ஆக்கிரமிப்பை விசாரிக்கத் தனி சர்வதேச நீதிமன்றம் வேண்டும் என்று உக்ரைன் தரப்பில் பேசியவர்களில் அவரும் ஒருவர். 2024 மார்ச் கடைசியில் பதவி போனது. மே மாதம் ஊழல் தடுப்புப் பணியகமான நாபு அவர் மீது சட்டவிரோதச் சொத்துக் குவிப்புக் குற்றச்சாட்டை வைத்தது.

நாபுவின் கணக்கு இது. 2020 முதல் 2022 வரை அவர் சேர்த்த சொத்து, உக்ரைன் நாணயத்தில் 1.71 கோடி ஹிரிவ்னியா. அதே காலத்து வருமானமும் சேமிப்பும் சேர்ந்து 13 லட்சம். பட்டியலில் ஒரு மெர்சிடிஸ், ஒரு ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ, ஹோண்டா என்று இரண்டு மோட்டார் சைக்கிள், கீவிலும் லிவிவிலும் மூன்று பார்க்கிங் இடம், லிவிவில் ஒரு வீடு, மேற்கே ஸகார்பாட்டியாவில் ஒரு மனை. பெரும்பகுதி சகோதரர் பெயரில் என்கிறது நாபு. பார்க்கிங் இடத்தைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. 1 கோடி ஹிரிவ்னியா பிணைத்தொகை நிர்ணயித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 1,00,000 டாலர் லஞ்சம் என்று இன்னொரு குற்றச்சாட்டு. இவை குற்றச்சாட்டுகள்தான், தீர்ப்பு அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வேடிக்கை. சொத்துக் குவிப்பைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2019 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று தூக்கிப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது புது வடிவில் திரும்பி வந்தது. ஊழல் வழக்குகளுக்கான உயர் நீதிமன்றம் வேலை தொடங்கியதும் 2019 செப்டம்பர்தான். ஸ்மிர்னோவ் பதவிக்கு வந்த அதே மாதம்.

2023 மே மாதம் உச்ச நீதிமன்றத் தலைவர் க்னியாஸியெவ் 27 லட்சம் டாலர் லஞ்ச வழக்கில் கைதானபோது நாபு வெளியிட்ட படம் பலருக்கு ஞாபகம் இருக்கும். சோபா முழுக்க டாலர் கட்டு. அதிலும் நடுவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம் திரையாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். இதைப் பார்த்த ஜூனியர், "அப்ப காசு குடுத்தா நடக்கும்தானே அண்ணா?" என்கிறான். டேய், அந்தச் சோபாவில் உன் 600 டாலருக்கு இடமே கிடையாது. உன்னிடம் கேட்பவன் அந்த வீட்டுக் கதவைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

சரி, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெயரை முழுசாகக் கேளுங்கள், வழக்கறிஞர் பதிவேட்டில் தேடுங்கள். அட்வகாட் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் போடுவார், உங்களுக்காக ஆஜராக ‘ஓர்டெர்’ என்று ஒரு தாள் வைத்திருப்பார். அதைக் கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். கான்ட்ராக்டர் சிபாரிசு என்பதற்காக மட்டும் யாரையும் நம்பாதீர்கள், என் விஷயத்தில் அவருக்கும் பங்கு போயிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சான்றிதழுக்கு அபோஸ்டில், அதாவது வெளிநாட்டிலும் செல்லும்படி வைக்கும் முத்திரை, வேண்டுமென்றால் அது கல்வி அமைச்சகத்தின் வழக்கமான சேவை. யாருடைய செல்வாக்கும் வேண்டாம்.

என் 500 டாலர் திரும்ப வரவில்லை. ஆனால் அந்த ஆள் கடைசியாக ஒரு முறை பேசினார். 2022 மார்ச் 2. உடனே கார்கிவை விட்டுக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் நடந்தாவது போங்கள் என்று தூதரகம் சொல்லியிருந்தது. போகச் சொன்ன ஊர்களில் ஒன்றான பிசோசின் 11 கிலோமீட்டர். குளிரில் நாங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம், பின்னால் குண்டுச் சத்தம். டெலிகிராமில் செய்தி வந்தது. ஐந்து மாதம் கழித்து, அதே எண். ‘எல்லையில் எனக்கு ஆள் இருக்கிறார். தலைக்கு 300 டாலர்.’

வெளியேற்ற ரயில்கள் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தன. போனில் சார்ஜ் 9 சதவீதம். அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தேன்.