முன் ஆக்சிலுக்கு கிரீஸ் என்று பில், அடித்தது கறுப்பு எண்ணெய்

ஜவ்வாது மலைக்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு சர்வீஸுக்கு விடுங்கள்.

வேலூர் பைபாஸ் ஓரம் ஒரு கடையில் என் பழைய மஹிந்திராவை விட்டேன். முன் ஆக்சில், பட்டை (இலை ஸ்பிரிங்), வீல் பேரிங் எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைக்கச் சொன்னேன். வாட்டர் சர்வீஸ் முடித்து, அடியில் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து ஸ்பிரே அடித்து, பளபளவென்று தந்தார்கள். பில்லில் 'ஃபுல் கிரீஸிங்' என்று ஒரே வரி.

அப்புறம் புளி லோடோடு ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் இறங்கும்போது முன் இடது சக்கரத்தில் முனகல். சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப் பக்கம் சூட்டில் கை வைக்க முடியவில்லை. போளூரில் கழற்றிப் பார்த்தால், பேரிங்கில் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது. உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டன. நட்டைப் பூட்டும் வாஷரின் மடித்த காது அப்படியே அழுக்கோடு இருந்தது. அதை நிமிர்த்தாமல் இந்த ஹப்பைக் கழற்றவே முடியாது. அப்படியானால் பேரிங் கிரீஸ் எங்கே போனது?

மற்ற இடங்களில் இன்னும் மோசம். பட்டையைச் சேசிஸோடு (அடிச்சட்டம்) இணைக்கும் ஷேக்கிள், ஸ்டியரிங் கம்பியின் முனையான டை ராட் எண்ட், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் என்று, கிரீஸ் ஏற்றும் எல்லா நிப்பிள் தலையிலும் புது கிரீஸ் அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தால் நிப்பிள் வாயில் சேறு இறுகிக் கிடக்கிறது. கிராஸில் கிரீஸ் உள்ளே ஏறினால் நான்கு கப் ஓரத்திலும் பழசு பிதுங்கி வரவேண்டும். ஒன்றில்கூட வரவில்லை. முன் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள் உருண்டையில் கிரீஸ் வைக்கும் பிளக்கில் ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை.

வேலூர் கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "கிரீஸ் உள்ள போயிடுச்சுண்ணா, வெளிய தெரியாது" என்றான் பையன். "இன்னா தம்பி, உள்ள போனா பழசு வெளிய வரணும்ல?" பதில் இல்லை.

வண்டியை விடும் முன் வாஷர் காதின் மேல் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். பிரித்திருந்தால் கோடு உடைந்திருக்கும். சேசிஸில் ஜாக்கி கொடுத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். பாரம் உட்கார்ந்திருந்தால் ஷேக்கிள் பின்னில் தேயும் பக்கத்துக்கு கிரீஸ் சரியாகப் போகாது. அந்த டீசல் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். ரப்பர் புஷ் ஊறி உப்பிவிடும், இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

பேரிங் காசையாவது கொடுங்கள் என்றதற்கு, அடுத்த முறை வாட்டர் சர்வீஸ் இலவசம் என்றார் முதலாளி. மறுபடி அதே டீசலை அடித்துக்கொள்ளவா?