ஆய்வு நல்கைக் கணக்கு: தணிக்கைக் கருத்தா, கண்டறிந்தவற்றின் அறிக்கையா?

ஆய்வுத் திட்டத்துக்கு நல்கை வழங்கிய நிறுவனம் செலவுக் கணக்குக்குச் 'சிறப்பு அறிக்கை' கேட்கும்போது, அந்த ஒரே பெயரில் இரு வேறு ஆவணங்கள் வழங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, பன்னாட்டுத் தணிக்கைத் தரநிலைகள் 800, 805 ஆகியவற்றின்படி எழுதப்படும் சிறப்பு நோக்கத் தணிக்கை அறிக்கை. மற்றது, 4400 என்னும் தரநிலையின்படி எழுதப்படும் ஒப்புக்கொண்ட நடைமுறைகள் அறிக்கை. இரண்டிலும் தணிக்கையாளர் கையொப்பமிடுகிறார் என்றாலும், அவர் ஏற்கும் பொறுப்பு ஒன்றல்ல.

முதலாவதில், எதை எவ்வளவு சோதிப்பது என்பதைப் பிழைக்கான அபாயத்தை மதிப்பிட்டுத் தணிக்கையாளரே முடிவுசெய்து, கணக்கு முழுமைக்கும் கருத்துத் தெரிவிக்கிறார். ரொக்க அடிப்படையிலோ ஒப்பந்த விதிகளின்படியோ தயாரித்த நிதிநிலை அறிக்கைகளுக்கு 800 பொருந்தும். தனியொரு அறிக்கைக்கோ கணக்குத் தலைப்புக்கோ 805 பொருந்தும். அந்தக் கணக்கு வேறு நோக்கத்துக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கும் பத்தி 800இன் கீழ் கட்டாயம். அதைப் படிக்காமல் கடன் விண்ணப்பத்தோடு அறிக்கையை இணைப்பது தவறான பயன்பாடாகும்.

இரண்டாவதில் கருத்தே கிடையாது. 25 பற்றுச்சீட்டுகளைப் பேரேட்டோடு ஒப்பிடவேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால், 23 ஒத்துப்போயின, 2 கிடைக்கவில்லை என்று மட்டுமே அறிக்கை சொல்லும். தொகை சிறியது என்பதற்காக எந்த முரண்பாட்டையும் விட்டுவிட முடியாது. தணிக்கையிலோ முக்கியத்துவ வரம்புக்கு, அதாவது கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு, கீழான பிழைகள் கருத்தைப் பாதிக்காமல் போகலாம். இதனால்தான் விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கக்கூடிய நல்கைகளுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014–2020 ஆய்வுத் திட்டமான ஹொரைசன் 2020இலும், குறிப்பிட்ட வகைச் செலவுகளுக்காக 3,25,000 யூரோவுக்குக் குறையாமல் கோரிய பயனாளிகளிடம் இவ்வகை அறிக்கையே கேட்கப்பட்டது.

ஆனால் நடைமுறைகள் போதுமானவையா என்று தணிக்கையாளர் இதில் தீர்ப்புச் சொல்வதில்லை. கேட்காத கேள்விக்கு அறிக்கையில் விடை இராது. முரண்பாடு எதுவும் இல்லை என்ற வரியை நற்சான்றாகப் படிப்பதே மிக ஆபத்தான பிழை. பொதுச் செலவுகளைப் பல திட்டங்களுக்குப் பகிர்ந்தளிப்பது போன்று தேர்ந்த மதிப்பீடு தேவைப்படும் இடத்தில் முழுத் தணிக்கையே தகும்.

எந்த அறிக்கை தேவை என்பதை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நடைமுறைப் பட்டியல் கையில் இருந்தால் பணியாளர்களின் நேரப் பதிவேட்டை முதல் மாதத்திலிருந்தே அதற்கேற்பப் பராமரிக்கலாம். திட்டம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதிய பதிவேடு இவ்விரு அறிக்கைகளில் எதற்கும் உதவாது.