செவ்வாய்க்கிழமை சிங்கம் பார்க்கப் போன கதை

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

லண்டனிலிருந்து ஐந்து வருடம் கழித்து ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா, என் மகன், மகள் என்று எல்லோரையும் கால்டாக்ஸியில் ஏற்றி, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து போய் இறங்கினால் கேட் பூட்டிக் கிடக்கிறது. டிரைவரிடம் கேட்டேன். "செவ்வாக்கெழமை லீவு சார்" என்றார். தெரிந்தே ஏன் ஏற்றினீர்கள் என்றால், "நீங்க வண்டலூர்னுதானே போட்டிருந்தீங்க, நான் வேற ஏதோ வேலைன்னு நெனச்சேன்" என்கிறார். இரண்டு குழந்தைகள் கழுத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்கள். வேறு என்ன வேலையாக இருக்கும்?

சரி, வியாழக்கிழமை மறுபடியும் கிளம்பினோம். இந்த முறை தங்கை வீட்டு மாப்பிள்ளையும் வந்தார். அவர் சொல்லித்தான் ரயில். குரோம்பேட்டையில் ஏறினால் வண்டலூர் நான்காவது நிறுத்தம். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிடாமல் செங்கல்பட்டு வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும், அவ்வளவுதான். டாக்ஸியில் நான் கழித்த நேரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. திருச்சி, மதுரைப் பக்கமிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு இன்னும் சுலபம். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்திலேயே இருக்கிறது.

டிக்கெட் விஷயம்தான் என்னைப் படுத்தியது. முந்தின நாள் இரவு இணையத்தில் எடுக்க உட்கார்ந்தேன். இங்கே ஒரு வங்கியில் எனக்கு என்ஆர்ஓ கணக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான கணக்கு, இருக்கிறது, அதில் பணமும் இருக்கிறது. ஆனால் ஓடிபி போவது நான் ஊரை விட்டுப் போகும்போது வைத்திருந்த பழைய எண்ணுக்கு. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. நான்கு தடவை முயன்றேன். வெளிநாட்டு எண்ணை வைத்தே யூபிஐ பயன்படுத்தலாம் என்று 2023லேயே பத்து நாடுகளுக்கு அனுமதி வந்துவிட்டது, பிரிட்டனும் அதில் உண்டு. அதற்கும் முதலில் வங்கிக் கணக்கில் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஓடிபி வேண்டும். ஓடிபி பழைய எண்ணுக்குப் போகும். கடைசியில் மாப்பிள்ளை "விடுங்க மச்சான்" என்று தன் ஜிபேயில் நொடியில் முடித்துவிட்டார். ஊருக்கு வருகிறவர்கள் கிளம்பும் முன்பே எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இளநீர்க்காரரிடம்கூடத் தலையைச் சொறிந்துகொண்டுதான் நிற்க வேண்டும்.

உள்ளே போன பிறகு குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 602 ஹெக்டேர் இடம். முட்டிவலிக்காரரான அம்மாவால் அதில் பத்தில் ஒரு பங்குகூட நடக்க முடியாது. பேட்டரி கார் இருந்ததால் பிழைத்தோம். ஓட்டிவந்த பெண் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மா இறங்கி ஏறும்வரை பொறுமையாக இருந்தார். பெரும்பாலும் கம்பிக் கூண்டு கிடையாது. நடுவில் அகழி, அந்தப் பக்கம் விலங்கு. வெள்ளைப்புலி, நீர்யானை எல்லாம் பார்த்தோம். சிங்கவால் குரங்கு முன்னால் மகள் நகரவே மாட்டேன் என்றாள்.

ஆனால் நாங்கள் வந்தது சிங்க உலாவிடத்துக்கு, அதாவது லயன் சஃபாரிக்கு. அதற்குத் தனி டிக்கெட், தனி வரிசை. மகனுக்கு அங்கே ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. இங்கிலாந்தில் லாங்லீட் என்று ஒரு இடம் இருக்கிறது, 1966இல் திறந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே நம் காரை நாமே ஓட்டிக்கொண்டு சிங்கம் பார்க்கப் போகும் முதல் இடம் அதுதான். குரங்குப் பகுதிக்குள் போனால் வைப்பரைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். போன கோடையில் எங்கள் காருக்கும் ஒன்று போனது. அதே மாதிரி இங்கும் மாமா ஓட்டுவார் என்று பையன் நினைத்திருந்தான். இங்கே பூங்கா வண்டியில்தான் போக வேண்டும். எனக்கு அதுவே நிம்மதி. நம்மவர் ஒருவர் செல்ஃபிக்காகக் கண்ணாடியை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரட்டைக் கதவு. முதல் கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். அந்த இடைப்பட்ட சில நொடிகளில் வண்டிக்குள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நாங்கள் போனது உச்சிவெயிலில். அது எங்கள் தப்பு. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கும் பிராணி, வெயிலில் கேட்கவே வேண்டாம். மரத்தடியில் மூன்று, மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஒரு சிங்கம் தலையைத் தூக்கி, எங்களை ஒரு பார்வை பார்த்து, மறுபடி படுத்துக்கொண்டது. முடிந்தது சஃபாரி. போகிறவர்கள் காலையில் முதல் நடைக்கே போய்விடுங்கள்.

"கூண்டுக்குள்ள நாம, வெளியில சிங்கம்" என்று பின்னாலிருந்து யாரோ அந்தப் பழைய ஜோக்கைச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இந்த மிருகக்காட்சிசாலை 1855இல் தொடங்கியது. 1985இல் வண்டலூருக்கு வரும்வரை சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. அந்தக் காலத்துச் சென்னைப் பேச்சில் எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ். அம்மா இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார். சின்ன வயதில் தாத்தா கைபிடித்துப் போனபோது, நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும் கூண்டில் ஒரு சிங்கம் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்ததாம். "அது ஒரு நிமிஷம் உக்காரலைடா. இது பாரு, நிம்மதியாத் தூங்குது" என்றார். தூங்கிய சிங்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த வண்டியில் அவர் ஒருவர்தான்.

திரும்பும்போது வண்டலூர் நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல், மாப்பிள்ளையின் போனை வாங்கி என் பழைய எண்ணுக்குப் போட்டேன். மணி அடித்தது. கோயம்புத்தூர்ப் பேச்சில் ஒரு அம்மா எடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"அட, அந்த ஓடிபிக்காரர் நீங்கதானுங்களா? நேத்து ராத்திரி நாலு வந்துச்சுங்க."